செவ்வாயும் சனியும்

1750 மார்ச் 20, செவ்வாய்க்கிழமை. லண்டனில் ‘தி ராம்ப்ளர்’ என்ற பெயரில் ஒரு மெல்லிய இதழ் வெளிவந்தது. ஆறு பக்கம், விலை இரண்டு பென்ஸ், உள்ளே ஒரே ஒரு கட்டுரை. எழுதியவர் பெயர் போடவில்லை. அடுத்த இதழ் சனிக்கிழமை வந்தது. அப்புறம் செவ்வாய், மறுபடி சனி. 1752 மார்ச் 14 வரைக்கும் ஒரு செவ்வாய், ஒரு சனி தவறவில்லை. மொத்தம் 208 இதழ்கள். நான்கைந்தைத் தவிர மற்ற எல்லாமே ஒரே ஆள் எழுதியவை. சாமுவேல் ஜான்சன்.

இந்த இரண்டு வருடமும் மனுஷர் வேறு வேலை இல்லாமல் இருக்கவில்லை. 1746இல் ஒப்பந்தம் போட்டு ஆரம்பித்த ஆங்கில அகராதி பாதியில் கிடந்தது. காஃப் ஸ்கொயர் வீட்டு மாடியில் ஆறு எழுத்தர்கள் உட்கார்ந்து மேற்கோள்களைப் படியெடுத்துக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்குக் கூலி கொடுக்க வேண்டும். ராம்ப்ளர் கட்டுரை ஒன்றுக்கு இரண்டு கினி, ஆக வாரத்துக்கு நான்கு கினி. குடும்பம் ஓடுவதற்கு அந்தக் காசு தேவைப்பட்டது.

இதைப் படித்ததும் ‘அடேயப்பா, என்ன ஒழுங்கு!’ என்றுதான் தோன்றும். ஜான்சன் ஒழுங்குக்குப் பேர்போன ஆளே இல்லை. மதியம் வரைக்கும் தூங்குவார். ராத்திரி தேநீரும் பேச்சுமாக விடியும் வரை யாரையும் விடமாட்டார். தன் சோம்பேறித்தனத்தைக் கண்டித்துத் தானே பிரார்த்தனைகள் எழுதி வைத்தவர். ராம்ப்ளர் கட்டுரைகளில் பெரும்பாலானவை அச்சகம் கேட்ட நேரத்துக்கு அவசரமாக எழுதிக் கொடுத்தவை என்றும், அச்சுக்குப் போகும் முன் ஒரு தடவை திரும்பப் படித்துக்கூடப் பார்க்காதவை என்றும் பாஸ்வெல் சொல்கிறார். 134ஆம் இதழைப் பற்றி ஒரு கதை உண்டு. வேலையைத் தள்ளிப்போடுவது பற்றிய கட்டுரை அது. ஓவியர் ரெனால்ட்ஸின் வீட்டு முன்னறையில், அச்சகப் பையன் வாசலில் நிற்க, ஜான்சன் அதை எழுதித் தள்ளினாராம். அழகான கதைதான். ஆனால் அந்த இதழ் வந்த 1751இல் ரெனால்ட்ஸ் இத்தாலியில் இருந்தார். லண்டன் திரும்பியது 1752 கடைசியில். இருந்தாலும் கதை ஜான்சனுக்குப் பொருந்தித்தான் போகிறது, அதனால்தான் இன்றுவரை நிற்கிறது.

அப்படியானால் 208 இதழ்களையும் இழுத்து வந்தது எது? கொஞ்சம் கினி, கொஞ்சம் அச்சகப் பையன். கூடவே இன்னொன்றையும் சேர்த்துக்கொள்ள வேண்டும், தபால். அந்தக் காலத்தில் லண்டனிலிருந்து வெளியூர்களுக்குத் தபால் கிளம்பும் நாட்கள் வெகுகாலமாகச் செவ்வாய், வியாழன், சனி. வாரம் மும்முறை வந்த லண்டன் பத்திரிகைகள் பலவும் அந்த நாட்களைப் பிடித்துக்கொண்டு வந்தவைதான். ஜான்சன் அதில் இரண்டை எடுத்துக்கொண்டார். குதிரை கிளம்பினால் கிளம்பியதுதான், எழுத்தாளருக்கு மனநிலை வரவில்லை என்று அது நிற்காது.

இந்தப் பழைய கணக்குகளில் எனக்கு ஏன் இவ்வளவு அக்கறை என்று சொல்லிவிடுகிறேன். மூன்று வருடமாக ஒரு மின்மடல் அனுப்பிக்கொண்டிருக்கிறேன். பழைய புத்தகங்கள், நின்றுபோன பத்திரிகைகள், அவற்றை நடத்தியவர்கள் பற்றி. அறுநூறு சொச்சம் பேர் வாங்குகிறார்கள். தோன்றும்போது எழுதுவேன், எழுதி முடித்தால் அனுப்புவேன். போன தை மாதத்திலிருந்து சில வாசகர்கள் ‘சந்தா வைங்களேன்’ என்று கேட்க ஆரம்பித்தார்கள். நல்ல மனசோடுதான் கேட்கிறார்கள். காசு வாங்கினால் என் புத்தகச் செலவாவது தேறும். ஆனால் காசு என்று வந்தவுடன் அடுத்த கேள்வி வந்துவிடுகிறது. மாதத்துக்கு எத்தனை மடல்? என்றைக்கு வரும்?

இதற்கு இப்போது கிடைக்கிற அறிவுரைகள் எல்லாம் எழுதுகிற ஆளின் உடம்பைத் திருத்தப் பார்க்கின்றன. காலை ஐந்து மணிக்கு எழு, போனை அடுத்த அறையில் வை, தினமும் ஐந்நூறு வார்த்தை. தப்பென்று சொல்ல மாட்டேன். ஆனால் தனியாளாக இதழ் நடத்தி உண்மையிலேயே பல வருடம் தாக்குப்பிடித்தவர்களின் கதைகளைத் தேடிப் படித்தபோது, அவர்கள் எத்தனை மணிக்கு எழுந்தார்கள் என்பது பெரிய விஷயமாகவே இல்லை. வாசகரிடம் எந்த மாதிரி வாக்குக் கொடுத்தார்கள், அதை யார் தோளில் வைத்துக் காப்பாற்றினார்கள் என்பதில்தான் எல்லாமே இருந்தது.

ஐ. எஃப். ஸ்டோனை எடுத்துக்கொள்வோம். 1952 நவம்பரில் நியூயார்க்கின் ‘டெய்லி காம்பஸ்’ மூடப்பட்டபோது அவருக்கு வேலை போனது. மெக்கார்த்தி காலம். இடதுசாரி என்று பெயர் வாங்கிய பத்திரிகையாளருக்கு இன்னோர் இடம் கிடைப்பது குதிரைக்கொம்பு. வயது 44. காது வேறு சரியாகக் கேட்காது. காம்பஸும் அதற்கு முன் மூடிப்போன பத்திரிகைகளும் விட்டுச்சென்ற சந்தாதாரர் பட்டியல்களை எடுத்து, ‘நானே ஒரு வார இதழ் நடத்தப் போகிறேன்’ என்று கடிதம் போட்டார். வருடச் சந்தா ஐந்து டாலர். 5,300 பேர் பணம் அனுப்பினார்கள். 1953 ஜனவரி 17 தேதியிட்டு ‘ஐ. எஃப். ஸ்டோன்ஸ் வீக்லி’யின் முதல் இதழ் வந்தது. நாலே பக்கம்.

அந்த நாலு பக்கத்தை யாரும் பெரிதாகக் கவனிப்பதில்லை. எவ்வளவு நாளைக்கு ஒரு தடவை என்று பேசுகிறோமே தவிர, எவ்வளவு நீளம் என்று பேசுவதில்லை. ஸ்டோன் பக்கத்தைக் கூட்டவே இல்லை, கிட்டத்தட்ட கடைசிவரை நாலு பக்கம்தான். சந்தாவும் ஐந்து டாலரேதான். வாரம் எவ்வளவு பரபரப்பாக இருந்தாலும் நாலு பக்கம் நிரம்பினால் வேலை முடிந்தது. ஜான்சனுக்கும் இதே வசதி இருந்தது, ஆறு பக்கம் தாண்டினால் அச்சகம் ஏற்காது. இன்றைய மடலுக்குப் பக்க வரம்பே இல்லை. ஒரு வாரம் எண்ணூறு வார்த்தையில் ஆரம்பித்து, நாலாவது மாதம் மூவாயிரத்தில் வந்து மூச்சு வாங்கிக்கொண்டு நிற்பவர்களை எனக்குத் தெரியும்.

ஸ்டோனின் நாளில் எழுத்தைவிட வாசிப்புக்குத்தான் நேரம் அதிகம். காது கேட்காததால் பத்திரிகையாளர் கூட்டங்களில் உட்கார்ந்து அவரால் பெரிதாக எதையும் பிடிக்க முடியாது. அதனால் காகிதத்துக்குப் போனார். காங்கிரஸ் நடவடிக்கைக் குறிப்புகள், விசாரணைக் குழுக்களின் முழுப் பதிவுகள், அரசாங்க அறிக்கைகள், தினம் ஒரு கட்டு செய்தித்தாள். படித்ததைக் கத்தரித்து வைப்பார்.

ஒரு சம்பவம் சொன்னால் புரியும். 1957 செப்டம்பரில் அமெரிக்கா நெவாடாவில் முதன்முறையாக ஓர் அணுகுண்டை முழுக்கப் பூமிக்கு அடியிலேயே அடங்கும்படி வெடித்தது. மறுநாள் நியூயார்க் டைம்ஸில், டொராண்டோவிலும் ரோமிலும் டோக்கியோவிலும்கூட அதிர்வு பதிவானதாகச் சின்னச் சின்னச் செய்திகள் வந்தன. ஸ்டோன் அதைக் கத்தரித்து வைத்துவிட்டு வேறு வேலையைப் பார்க்கப் போனார். அடுத்த மார்ச்சில், அந்த வெடிப்பை இருநூறு மைலுக்கு அப்பால் எந்தக் கருவியாலும் கண்டுபிடிக்க முடியவில்லை என்று அணுசக்தி ஆணையம் அறிவித்தது. அணுச் சோதனைத் தடை ஒப்பந்தம் பற்றிப் பேச்சு நடந்துகொண்டிருந்த நேரம். தூரத்திலிருந்து கண்டுபிடிக்க முடியாது என்றால் ஒப்பந்தம் போட்டு என்ன பிரயோஜனம் என்று வாதாடுகிறவர்களுக்கு அந்த வரி வெல்லக்கட்டி. ஸ்டோன் ஆறு மாதத்துக்கு முந்தைய துண்டைத் தேடி எடுத்தார். நில அதிர்வுகளைப் பதியும் அரசு அலுவலகத்துக்கே போய்க் கேட்டார். 2,300 மைல் தள்ளி அலாஸ்காவின் ஃபேர்பேங்க்ஸ் நிலையத்திலேயே பதிவாகியிருக்கிறது என்று பட்டியலை எடுத்துக் காட்டினார்கள். ஆணையம் தன் அறிக்கையைத் திருத்த வேண்டியதாயிற்று.

இந்தக் கதையைப் பெரும்பாலும் ஸ்டோனின் தைரியத்துக்கு உதாரணமாகச் சொல்வார்கள். எனக்கு அது தாள கதியின் உதாரணம். செப்டம்பரில் கத்தரித்தது மார்ச்சில் எழுத்தாகிறது. நடுவில் இருபதுக்கும் மேற்பட்ட வாரங்கள் வேறு துண்டுகளை வைத்து இதழ் வந்துகொண்டேதான் இருந்தது. வாராவாரம் எழுதியவரின் கையில் எப்போதும் ஆறு மாதச் சரக்கு இருந்தது. திங்கட்கிழமை காலையில் வெற்றுத்தாள் முன்னால் உட்கார்ந்து ‘இன்னைக்கு எதைப் பத்தி எழுதறது?’ என்று விட்டத்தைப் பார்க்கிற நிலைமை அவருக்கு வந்திருக்காது.

தனியாள் இதழ் என்றேன். அது முழு உண்மையில்லை. சந்தாக் கணக்கு, முகவரி அட்டைகள், பணம் வரவு, புதுப்பிக்கச் சொல்லும் கடிதங்கள், எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டவர் எஸ்தர் ஸ்டோன். 5,300இல் ஆரம்பித்தது 1971இல் முடியும்போது ஏறத்தாழ 70,000 சந்தா. அத்தனை பெயர்களும் அவர் கை வழியாகப் போனவை. இதழின் தலைப்பில் அவர் பெயர் இல்லை.

ரஷ்யாவிலும் இதே கதைதான். தஸ்தயெவ்ஸ்கி 1876 ஜனவரியிலிருந்து ‘ஓர் எழுத்தாளனின் நாட்குறிப்பு’ என்ற மாத இதழைச் சொந்தமாக நடத்தினார். ஆசிரியர், பதிப்பாளர், ஒரே எழுத்தாளர் எல்லாம் அவரே. செய்தித்தாளில் படித்த வழக்கு, தெருவில் பார்த்த குழந்தை, துருக்கிப் போர் என்று நெஞ்சில் பட்டதை எல்லாம் எழுதினார். இன்று நாம் மின்மடல் என்று சொல்கிறோமே, அதற்கு இதைவிடக் கிட்டத்தில் வேறொன்று 19ஆம் நூற்றாண்டில் எனக்குத் தென்படவில்லை. (அதில் யூதர்களைப் பற்றி எழுதியவை இன்று படிக்கக் கூசும். தினமும் மனதில் படுவதை அச்சேற்றுகிற வடிவம் எழுத்தாளனின் அழுக்கையும் சேர்த்தே அச்சேற்றிவிடுகிறது.) பணப் பொறுப்பும் சந்தாவும் இதழைக் கட்டித் தபாலில் சேர்ப்பதும் மனைவி அன்னா. அவர் சுருக்கெழுத்துக்காரர். அவருடைய கணக்குப் புத்தகம் இல்லையென்றால் தஸ்தயெவ்ஸ்கிக்கு மாதக் கடைசி என்பது கடன்காரர் வரும் நாளாக மட்டுமே இருந்திருக்கும்.

என் வீட்டிலும் முதல் வாசகரும் பிழைதிருத்துநரும் ஒருவரே. அவருக்கும் அலுவலகம் இருக்கிறது. ‘ஞாயித்துக்கிழமை ராத்திரி எட்டு மணிக்கு மேல என்கிட்ட எதையும் நீட்டாதீங்க’ என்று உத்தரவு. நான் மடல் அனுப்பும் நேரம் எதை வைத்து முடிவாகிறது என்று யாராவது கேட்டால் இதுதான் பதில்.

தஸ்தயெவ்ஸ்கி மாத இதழ் என்று சொல்லியும் கண்டிப்பாக இருக்கவில்லை. 1876 கோடையில் நுரையீரல் சிகிச்சைக்காக ஜெர்மனியின் எம்ஸ் ஊருக்குப் போனபோது ஜூலையையும் ஆகஸ்டையும் சேர்த்து ஒரே இதழாகக் கொடுத்தார். 1877இல் அப்படி இரண்டு தடவை. நவம்பர் 1876 இதழில் வழக்கமான குறிப்புகளுக்குப் பதில் முழுக்க ஒரே கதையைப் போட்டு, அதற்கு வாசகரிடம் முன்னுரையில் மன்னிப்பும் கேட்டார். அந்தக் கதைதான் ‘கிரோத்கயா’, அவருடைய மிகச் சிறந்த கதைகளில் ஒன்று. தையல் வேலை செய்த ஒரு பெண் கையில் தெய்வப் படத்தைப் பிடித்தபடி ஜன்னலிலிருந்து குதித்த செய்தி அவரைப் பிடித்துக்கொண்டது. அந்த மாதம் வேறெதையும் எழுத அவரால் முடியவில்லை. பெரிய பத்திரிகை ஒன்றாக இருந்தால் ஆசிரியர் குழு திருப்பி அனுப்பியிருக்கும். ஒரு மாதம் அட்டவணை தடம் மாறியதால் நமக்கு அந்தக் கதை கிடைத்தது.

1877 டிசம்பரோடு நிறுத்திக்கொண்டார். உடம்பு முடியவில்லை, ஒரு நாவல் வேலை இருக்கிறது என்று வாசகருக்குச் சொல்லிவிட்டே நிறுத்தினார். அந்த நாவல் ‘கரமசோவ் சகோதரர்கள்’. 1880 ஆகஸ்டில் ஒரே ஓர் இதழ் போட்டார். 1881 ஜனவரி இதழ் அச்சில் இருக்கும்போதே இறந்துபோனார்.

இப்படி இடைவெளி விடுவதை ஒரு சலுகையாகக் கேட்காமல், முதலிலேயே ஒப்பந்தத்தில் எழுதிவைத்த ஒருவர் உண்டு. வியன்னாவின் கார்ல் கிராவுஸ். 1899 ஏப்ரலில் சிவப்பு அட்டையோடு ‘டி ஃபாக்கெல்’, அதாவது தீப்பந்தம், தொடங்கினார். ஆரம்பத்தில் மாதம் மூன்று இதழ். பிற எழுத்தாளர்களும் எழுதினார்கள். 1911இன் கடைசியிலிருந்து ஏறக்குறைய முழுக்க அவர் ஒருவரே. ராத்திரி முழுக்க எழுதி, பகலில் தூங்குகிறவர். ஒரு காற்புள்ளிக்காக மெய்ப்பைத் திரும்பத் திரும்பப் பார்க்கிறவர். அப்படிப்பட்டவரால் பத்து நாளுக்கு ஒருமுறை என்று எத்தனை காலம் ஓட முடியும்?

அவர் கண்டுபிடித்த வழி எனக்கு ரொம்பப் பிடித்தது. இதழில் அச்சிட்டே அறிவித்தார், சந்தா காலத்துக்கு இல்லை, குறிப்பிட்ட எண்ணிக்கை இதழ்களுக்கு. இத்தனை இதழுக்குப் பணம் கட்டினால் இத்தனை இதழ் வரும், எப்போது வரும் என்று கேட்கக் கூடாது. அதோடு ஒரே தொகுப்புக்குப் பல இதழ் எண்களைச் சேர்த்துக் கொடுப்பார். கனமான தொகுப்பு என்றால் கூடுதல் எண்கள் கழியும். 1914இல் போர் தொடங்கியபோது வியன்னாவின் பேனாக்கள் எல்லாம் முரசு கொட்டின. கிராவுஸ் மாதக்கணக்கில் வாயைத் திறக்கவில்லை. டிசம்பரில் வந்த இதழில், ஏன் பேசாமல் இருந்தேன் என்பதையே எழுதினார். 1933இல் ஹிட்லர் ஆட்சிக்கு வந்தபோதும் அப்படியே. அக்டோபரில் வந்த இதழ் நாலே பக்கம். அடுத்த வருடம் ஜூலையில் வந்த தொகுப்பு முந்நூறு பக்கத்துக்கு மேல், 890 முதல் 905 வரை பதினாறு எண்கள் ஒரே அட்டைக்குள். 1936 பிப்ரவரியில் 922ஆம் எண்ணோடு முடிந்தது. அந்த ஜூனில் அவரும் போய்விட்டார்.

வாரச் சந்தா வாங்கியிருந்தால் 1933இல் அவர் எதையாவது எழுதியே ஆக வேண்டும். அப்பா காகித வியாபாரத்தில் சம்பாதித்து வைத்த சொத்து இருந்ததால்தான் இந்த மௌனம் அவருக்குக் கட்டுபடியானது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். ஜான்சனுக்கு அந்த வசதி கிடையாது. அவர் ஒரு செவ்வாய் வாய்மூடியிருந்தால் இரண்டு கினி போயிருக்கும்.

நம்ம ஊரில் சி.சு. செல்லப்பாவுக்கும் கிடையாது. 1959 ஜனவரியில் ‘எழுத்து’ தொடங்கினார். தமிழ்ப் புதுக்கவிதைக்கு அது என்ன செய்தது என்று இந்த வாசகர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. மாத இதழாக வந்து, கடைசிக் கட்டத்தில் காலாண்டிதழாகி, 1970இல் 119ஆம் இதழோடு நின்றது. பன்னிரண்டு வருடத்துக்கு 144 வந்திருக்க வேண்டும். வராமல்போன இருபத்தைந்து இதழ்களை அவருடைய தோல்வி என்று எழுதியவர்கள் உண்டு. கைக்காசைப் போட்டு இதழ் நடத்திக்கொண்டு, எழுத்து பிரசுரத்தின் புத்தகங்களைப் பையில் சுமந்து ஊர் ஊராகக் கல்லூரி வாசல்களில் போய் விற்ற மனிதர் அவர். மாதம் என்பதைக் காலாண்டு ஆக்கினாரே தவிர, ஜனரஞ்சகத் தொடர்கதை போட்டு மாதத்தைக் காப்பாற்றவில்லை. ஸ்டோனும் 1960களின் கடைசியில் மாரடைப்பு வந்த பிறகு வார இதழை இருவார இதழாக்கி, பெயரையும் ‘பை-வீக்லி’ என்று மாற்றிக்கொண்டார். ஒரு வாசகரும் அவரைத் தோற்றவர் என்று சொல்லவில்லை. சந்தா எண்ணிக்கை ஏறிக்கொண்டுதான் போனது.

கிராவுஸ் வழியில் ஓர் அறிவிப்பு எழுதி வைத்திருக்கிறேன். பத்து மடலுக்கு இவ்வளவு ரூபாய், நாள் சொல்ல மாட்டேன். ஒரு மடல் ஆயிரத்து இருநூறு வார்த்தையைத் தாண்டாது என்பது ஸ்டோனிடம் வாங்கிய கடன். வாசகர்கள் இதை ஏற்பார்களா என்று தெரியாது. ‘எப்ப வரும்னு தெரியாத பஸ்ஸுக்கு யாரு டிக்கெட் எடுப்பா?’ என்று ஒரு நண்பர் கேட்டார். நியாயமான கேள்வி. மாதத்துக்கு ஒன்று என்று சொல்லிவிட்டுப் பத்தாவது மாதம் வெறும் இணைப்புகளைக் கோத்து அனுப்புவதைவிட, டிக்கெட் எடுக்காதவர்களை இழக்கலாம் என்று இருக்கிறேன்.

ஜான்சன் கதையில் ஒரு பாக்கி இருக்கிறது. ராம்ப்ளர் முடிந்த மூன்றாம் நாள் அவர் மனைவி இறந்துபோனார். ஆரம்ப இதழ்கள் சிலவற்றைப் படித்துவிட்டு அவர் மெச்சியது தன் கணவருக்கு ஊரார் புகழ்ச்சி எல்லாவற்றையும்விடப் பெரிதாக இருந்திருக்கிறது. வாரம் இருமுறை வந்தபோது ஐந்நூறு பிரதிகூடப் போகாத அந்த இதழ், புத்தகமாகக் கட்டிய பிறகு அவர் வாழ்நாளிலேயே பத்துப் பதிப்பு கண்டது. 1755இல் அகராதி வந்தது. 1758இல் மறுபடியும் கட்டுரை எழுத உட்கார்ந்தபோது விதிகளை மாற்றிக்கொண்டார். இதழ் சொந்தமாக இல்லை, வேறொருவரின் வாரப் பத்திரிகையில் ஒரு பத்தி. வாரம் ஒன்று மட்டும். நீளமும் குறைவு. நண்பர்கள் பன்னிரண்டு கட்டுரைகள் எழுதிக் கொடுத்து உதவினார்கள். தலைப்பு ‘தி ஐட்லர்’, சோம்பேறி.

அந்த நாட்களில் ஒருமுறை ஆக்ஸ்ஃபோர்டில் நண்பர் லாங்டனைப் பார்க்கப் போயிருந்தார். சாயங்காலம் திடீரென்று, தபால் கிளம்ப இன்னும் எவ்வளவு நேரம் இருக்கிறது என்று கேட்டார். அரை மணி என்றார்கள். அது தாராளம் என்று சொல்லி உட்கார்ந்து ஒரு கட்டுரையை எழுதி முடித்தார். படித்துப் பார்க்கலாமா என்று லாங்டன் கை நீட்டினார். நானே இன்னும் படிக்கவில்லை, உமக்கு மட்டும் எதற்கு என்கிற மாதிரி ஏதோ சொல்லிவிட்டு, ஜான்சன் தாளை மடித்துத் தபாலுக்குக் கொடுத்தனுப்பினார்.